35 ஆண்டுகள் ஒரே மேடை: பாப் பார்க்கரை எப்படி மதிப்பிடுவது?

அமெரிக்கத் தொலைக்காட்சியின் போட்டி நிகழ்ச்சிகளைப் பல்லாண்டுகள் வழிநடத்திய மூத்த தலைமுறை ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறது. ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியின் அலெக்ஸ் டிரெபெக் 2020 நவம்பரில் மறைந்தார். ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ நிகழ்ச்சியின் பாப் பார்க்கர் 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி தமது 99ஆவது வயதில் காலமானார். நூறு வயதை எட்ட அவருக்கு நான்கு மாதங்கூட இல்லை. ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ நிகழ்ச்சியை 40 ஆண்டுகளுக்கும் மேல் நடத்திய பேட் சேஜாக் 2024 ஜூனில் ஓய்வு பெற்றார்.

டிரெபெக் மறைந்தபோது பெரும்பாலும் பாராட்டுகளே வந்தன. பார்க்கர் மறைந்தபோது அப்படி இல்லை. அவரை ஒரு நூற்றாண்டின் நல்ல மனிதர் என்று புகழ்ந்த கட்டுரைகள் ஒரு பக்கம். அதே நிகழ்ச்சியில் அவருடன் பணியாற்றிய பெண்கள் தொடுத்த வழக்குகளை நினைவூட்டிய கட்டுரைகள் மறுபக்கம். இரண்டும் ஒரே நாளில், சில நேரம் ஒரே செய்தித்தாளில் வெளிவந்தன. பார்க்கர் உண்மையில் யார் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

நம் நாட்டு வாசகர்களில் பலருக்கு இவரை 1996இல் வெளிவந்த ‘ஹேப்பி கில்மோர்’ திரைப்படத்தில், கோல்ஃப் திடலில் ஆடம் சாண்ட்லருடன் கைகலப்பில் இறங்கும் வெள்ளை முடிக்காரராகத்தான் தெரிந்திருக்கும். ஆனால், இந்த விவாதம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரரோடு நின்றுவிடுவதில்லை. நல்லது நிறைய செய்த ஒருவர் மீது அவருக்குக் கீழே பணிபுரிந்தவர்கள் புகார் கூறினால், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எல்லாச் சமூகங்களிலும் எழுகிறது. நம் சமூகத்திலும் எழுகிறது.

வீட்டுச் செலவு தெரிந்தவர்களின் போட்டி

முதலில் அவருடைய புகழுக்கு என்ன காரணம் என்பதைப் பார்ப்போம்.

பார்க்கர் 1923 டிசம்பர் 12ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்தின் டாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட, ஆசிரியையான தாயார் அவரைத் தென் டகோட்டாவில் உள்ள ரோஸ்பட் பழங்குடியினர் வட்டாரத்தில் வளர்த்தார். பார்க்கரும் அந்தச் சூ பழங்குடியில் பதிவு பெற்ற உறுப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் போர் விமானிக்கான பயிற்சி பெற்றார். போர் முடிந்ததும் மிசூரி மாநிலத்தின் டுரூரி கல்லூரியில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்றார். வானொலியில் தொடங்கி, 1956 டிசம்பர் 31ஆம் தேதி ‘ட்ரூத் ஆர் கான்சிக்வன்சஸ்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளராகத் தேசியத் தொலைக்காட்சிக்கு வந்தார். 1972 செப்டம்பரில் சிபிஎஸ் ஒளிவழியில் புதுப்பொலிவுடன் தொடங்கிய ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ அவர் கைக்கு வந்தது. 2007 ஜூன் 15ஆம் தேதி அவருடைய கடைசி அங்கம் ஒளியேறியது. அப்போது அவருக்கு வயது 83.

அந்த நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. பார்வையாளர் வரிசையில் இருந்தே போட்டியாளர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள். ஒரு பொருளைக் காட்டி அதன் விலை என்ன என்று கேட்பார்கள். உண்மையான விலையைத் தாண்டாமல், அதற்கு மிக அருகில் சொன்னவர் மேடையேறலாம். அங்கே சூப் டின், சலவைத்தூள், அடுப்பு, கார் என்று பலவற்றின் விலையை வைத்து விளையாட்டுகள் நடக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருந்தது. வரலாறு, அறிவியல், இலக்கியம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைக்குப் போய் வரவு செலவு பார்த்து வாங்கும் ஒருவருக்கு இருக்கும் அறிவே போதும். யாரும் பாராட்டாத அந்த அறிவுக்கு, பகல் நேரத் தொலைக்காட்சி ஒரு மேடை கொடுத்தது. வீட்டில் இருந்த தாய்மார்கள், ஓய்வுபெற்றவர்கள், இரவு வேலை முடித்து வந்தவர்கள், காய்ச்சலால் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் ஆகியோரே அதன் முக்கிய ரசிகர்கள். போட்டியாளர் பதற்றத்தில் உளறினாலும் அவரைக் கேலிக்குரியவராக ஆக்காமல் சிரிப்பை வரவழைக்கும் பக்குவம் பார்க்கருக்கு இருந்தது.

பொருள்களின் விலையைச் சொல்லி விளையாடும் நிகழ்ச்சி அடிப்படையில் ஒரு நீண்ட விளம்பரம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. அது உண்மையே. ஆனாலும், அதைத் தினமும் ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்கு விளம்பரத்தைவிட அந்த மனிதரின் துணையே பெரிதாகத் தெரிந்தது. தொகுப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் அவர் பெற்ற டேடைம் எம்மி விருதுகள் மொத்தம் 19.

நிகழ்ச்சி முடிவில் ஒரு வேண்டுகோள்

பார்க்கரை மற்ற தொகுப்பாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது விலங்கு நலன். 1979இல் அவர் சைவ உணவுக்கு மாறினார். 1982 முதல் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், செல்லப்பிராணிகளின் எண்ணிக்கை பெருகாமல் இருக்க அவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார். 25 ஆண்டுகள் அந்த வேண்டுகோள் நிற்கவே இல்லை.

அவர் பேச்சோடு நிற்கவுமில்லை. 1967 முதல் அமெரிக்க அழகிப் போட்டியையும் பிரபஞ்ச அழகிப் போட்டியையும் தொகுத்து வழங்கி வந்தார். 1987இல் அமெரிக்க அழகிப் போட்டியில் போட்டியாளர்கள் உண்மையான விலங்கு உரோம அங்கிகளை அணிந்தால் மேடையேறமாட்டேன் என்றார். ஏற்பாட்டாளர்கள் செயற்கை உரோமத்துக்கு மாறினார்கள். உரோம அங்கியைப் பரிசாகக் கொடுப்பதை அவர்கள் நிறுத்தாததால், மறு ஆண்டு அந்தப் பொறுப்பையே விட்டு விலகினார்.

1981இல் புற்றுநோயால் மறைந்த மனைவி டோரதி ஜோவின் பெயரையும் தாயாரின் பெயரையும் இணைத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் மருந்தகங்களுக்கு அது நிதி வழங்கியது. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா உள்ளிட்ட சட்டக் கல்லூரிகளில் விலங்கு உரிமைச் சட்டம் கற்பிக்கப் பெருந்தொகை கொடுத்தார். சீ ஷெப்பர்ட் அமைப்புக்கு அவர் அளித்த 5 மில்லியன் அமெரிக்க டாலரில் வாங்கப்பட்ட கப்பலுக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அண்டார்டிகா கடலில் ஜப்பானியத் திமிங்கில வேட்டையை எதிர்த்து அந்தக் கப்பல் சென்றது. பின்னர் 2014 டிசம்பரில் தொடங்கி, சட்டவிரோதமாக மீன்பிடித்த ‘தண்டர்’ என்ற கப்பலை 100 நாள்களுக்கும் மேல் விரட்டிச் சென்றது. 2013இல் டொரோண்டோ விலங்குத் தோட்டத்தின் மூன்று யானைகள் கலிஃபோர்னியாவிலுள்ள சரணாலயத்துக்குத் தரைவழியே கொண்டு செல்லப்பட்டபோது, அந்தச் செலவையும் பார்க்கரே ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பணியிலும் அவர் எல்லை மீறிய தருணம் உண்டு. ஒரு திரைப்படத்தில் விலங்குகள் கொடுமைப்படுத்தப்பட்டதாகக் கூறி, அதைக் கண்காணித்த அமைப்பையே அவர் சாடினார். 1989இல் அந்த அமைப்பு அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. இறுதியில் அவருடைய காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்து வழக்கை முடித்தது.

அவருடைய வேண்டுகோளால் எத்தனை நாய்களும் பூனைகளும் காப்பாற்றப்பட்டன என்று கணக்கிட முடியாது. அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்படும் விலங்குகளின் எண்ணிக்கை 1970களுடன் ஒப்பிட்டால் பெருமளவு குறைந்துவிட்டது. மலிவுவிலைக் கருத்தடை மருந்தகங்கள், உள்ளூர்ச் சட்டங்கள், தத்தெடுப்பு இயக்கங்கள் என அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், விலங்கு மருத்துவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை வீட்டுக்கூடத்தின் சாதாரணப் பேச்சாக மாற்றியதில் பார்க்கருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அவருடைய எதிர்ப்பாளர்களும் மறுப்பதில்லை.

இந்த விஷயம் நமக்கும் புதிதல்ல. சிங்கப்பூரில் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விடும் திட்டம் 2018இல் நாடளாவிய நிலையில் தொடங்கியது. மலேசியாவில் ஊராட்சி மன்றங்கள் தெருநாய்களை எப்படிக் கையாள வேண்டும் என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. பார்க்கர் 1982இலேயே இதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் அவருடைய முன்யோசனை புரியும்.

பேசாமல் நின்ற பெண்கள்

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும்.

பரிசுப் பொருள்களின் அருகில் நின்று, கையசைத்துக் காட்டும் மாடல் அழகிகள் அந்த நிகழ்ச்சியின் அடையாளம். பெரும்பாலும் அவர்கள் பேசுவதில்லை. ‘பார்க்கரின் அழகிகள்’ என்றே அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களுக்கு முன்னால் தொகுப்பாளரின் பெயர் நின்றது.

அவர்களில் ஒருவரான டயன் பார்க்கின்சன் 18 ஆண்டுகள் பணியாற்றி 1993இல் விலகினார். மறு ஆண்டு பார்க்கர் மீது பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தார். தங்களுக்கிடையே உறவு இருந்தது உண்மை என்றும், அது இருவரின் சம்மதத்தோடு நடந்தது என்றும் பார்க்கர் பதிலளித்தார். வழக்கைத் தொடர உடல்நிலை இடம் தரவில்லை என்று கூறி பார்க்கின்சன் 1995இல் அதைத் திரும்பப் பெற்றார்.

அதே 1995இல் ஹாலி ஹால்ஸ்ட்ராம் நிகழ்ச்சியை விட்டு வெளியேறினார். மருந்தால் உடல் எடை கூடியதும், பார்க்கின்சன் விவகாரத்தில் பார்க்கருக்கு ஆதரவாகப் பேச மறுத்ததும்தான் தாம் நீக்கப்பட்டதற்குக் காரணம் என்று அவர் பகிரங்கமாகக் கூறினார். பார்க்கர் அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஹால்ஸ்ட்ராம் பதிலுக்குத் தொடுத்த வழக்கு பல நீதிமன்றப் படிகளைத் தாண்டி 2005இல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஜேனிஸ் பென்னிங்டன் 1972இல் முதல் நாளிலிருந்தே அந்த மேடையில் இருந்தவர். 1988இல் படப்பிடிப்பின்போது கேமரா மோதிக் கீழே விழுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் வேலைக்குத் திரும்பியவர். 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில் அவரும் கேத்லீன் பிராட்லியும் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டனர். ஹால்ஸ்ட்ராம் வழக்கில் அவர்கள் சாட்சியம் அளித்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்களுடைய விவகாரமும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த வழக்குகள் எதிலும் பார்க்கர் தவறிழைத்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கடைசிவரை மறுத்தார். அதே வேளையில், அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்றும் எந்த நீதிமன்றமும் கூறவில்லை. திரும்பப் பெற்ற வழக்கிலும் சமரசமான வழக்கிலும் உண்மை எது என்பது ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இருதரப்பு ஆதரவாளர்களும் அந்த மௌனத்தைத் தங்களுக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு இல்லாமலே பேசக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. பார்க்கர் 1987இல் முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினார். அவருடைய வெள்ளை முடியைப் பார்வையாளர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு வயது கூடியது ஒரு கௌரவமாகவே கருதப்பட்டது. அதே மேடையில் நின்ற ஒரு பெண்ணுக்கோ, எடை சற்று கூடியதும் வேலை போனதாகச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. வழக்கில் யார் வென்றிருந்தாலும், அந்த மேடையில் இருவருக்கும் இருந்த அளவுகோல் ஒன்றல்ல.

கூட்டிக் கழித்தால் சரியாகுமா?

பார்க்கரைப் பற்றிய விவாதத்தில் பொதுவாக மூன்று குரல்கள் கேட்கின்றன.

முதல் குரல், நல்லதையும் கெட்டதையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. கோடிக்கணக்கான டாலர் கொடுத்தார், எண்ணற்ற உயிர்களைக் காத்தார், நிரூபிக்கப்படாத சில வழக்குகள் அதற்கு முன் எம்மாத்திரம் என்பது இவர்கள் வாதம். யானைகளுக்குக் கிடைத்த நன்மையைக் கொண்டு ஒரு பெண் ஊழியரின் குறையை எப்படிக் கழிப்பது என்பதற்கு இவர்களிடம் பதில் இல்லை. பயனடைந்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் வேறொருவர். அந்தக் கணக்கு அவர்கள் இருவருக்குமிடையே தீருவதில்லை.

இரண்டாம் குரல், குற்றச்சாட்டு வந்த பிறகு மற்ற எல்லாமே வேடம் என்கிறது. இதுவும் பொருந்தவில்லை. உரோம அங்கிக்காக அவர் விட்டுக்கொடுத்தது, 20 ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே பார்த்த ஒரு மேடை. ஓய்வு பெற்று, கேமராக்கள் போய்விட்ட பிறகும் பல ஆண்டுகள் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார். நடிப்புக்காக இவ்வளவு காலம் இவ்வளவு விலை கொடுப்பவர் அரிது.

மூன்றாம் குரல், இரண்டையும் தனித்தனியாக வைக்கச் சொல்கிறது. தொகுப்பாளர் பார்க்கர் வேறு, முதலாளி பார்க்கர் வேறு என்பது இதன் நிலை. கேட்க நியாயமாக இருந்தாலும் இங்கேதான் பெரிய பிழை இருக்கிறது. ஏனெனில், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1988இல் பார்க்கர் அந்த நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் ஆனார். அதாவது, மேடையில் பேசுபவரும் மேடையை நிர்வகிப்பவரும் ஒருவரே. அதற்கு முன்பே அவர் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. பதவியும் சேர்ந்தபோது அதைத் தட்டிக்கேட்கும் ஆளே இல்லாமல் போனது. பெரிய நிறுவனங்களின் விளம்பரத்தில் ஓடும் ஒரு வணிக நிகழ்ச்சியில், விளம்பரதாரர் கேட்காத ஒரு பொதுநலச் செய்தியைத் தினமும் சொல்வது சாதாரண ஊழியரால் முடியாத காரியம். பார்க்கருக்கு இருந்த அதிகாரம் அதைச் சாத்தியமாக்கியது.

அதே அதிகாரம்தான் பக்கத்தில் நின்ற பெண்களின் பிரச்சினையும். அவரைப் பற்றி ஒருவருக்குக் குறை இருந்தால் யாரிடம் சொல்வது? நிர்வாகத் தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவரும் அவரேதான். ஒளிவழியிடம் போகலாம் என்றால், அந்த நிகழ்ச்சியின் வருமானமே அவருடைய முகத்தை நம்பியிருந்தது. ஆக, பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்ததை அவர்கள் நேராக நீதிமன்றத்தில்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நீதிமன்றமோ பணமும் உடல்நலமும் காலமும் உள்ளவர்களுக்கே கைகொடுக்கும் இடம். பார்க்கின்சன் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். ஹால்ஸ்ட்ராமுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

டிரெபெக்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1984இல் ‘ஜெப்பர்டி’ மீண்டும் தொடங்கியபோது அவரும் தயாரிப்பாளராக இருந்தார். ஆனால், 1987இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, அடுத்த 33 ஆண்டுகள் தொகுப்பாளராக மட்டுமே இருந்தார். டிரெபெக் நல்லவர், பார்க்கர் கெட்டவர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால், மேடையும் நிர்வாகமும் வெவ்வேறு கைகளில் இருந்தால் குறை சொல்லப் போக ஒரு கதவாவது இருக்கும்.

அவருக்குப் பின் என்ன மாறியது?

2007 அக்டோபரில் டுரூ கேரி அந்த மேடைக்கு வந்தார். செல்லப்பிராணிகளுக்கான வேண்டுகோளை அவர் கைவிடவில்லை. பார்க்கர் தொடங்கி வைத்ததை இன்றுவரை நிகழ்ச்சி முடிவில் சொல்லி வருகிறார். ஒரு தொகுப்பாளரின் கொள்கை அவர் போன பிறகும் வாழ்வது தொலைக்காட்சியில் அபூர்வம்.

மாடல்களின் நிலையிலும் மாற்றம் வந்தது. தொகுப்பாளரின் பெயரால் அவர்களை அழைக்கும் வழக்கம் மறைந்தது. 2012இல் ஆண் மாடல் ஒருவரும் சேர்க்கப்பட்டார். ஆனால், ஆள் மாறியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கர்ப்பமானதால் தம்மை வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை என்று பிராண்டி காக்ரன் என்ற மாடல் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2012இல் ஜூரி அவருக்கு 8 மில்லியன் டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை வழங்கச் சொன்னது. மறு ஆண்டு நீதிபதி அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். பின்னர் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

பார்க்கர் ஓய்வு பெற்ற பிறகு எழுந்த வழக்கு இது. ஆகவே, எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போட்டுவிட்டு அந்தத் துறை கை கழுவிக்கொள்ள முடியாது. பெண்களின் தோற்றத்தைப் பொருளாக்கி, அவர்களை எளிதில் மாற்றக்கூடியவர்களாக வைத்திருந்த ஒரு முறையின் உச்சியில் பார்க்கர் இருந்தார். அந்த முறையை அவர் உருவாக்கவில்லை. ஆனால், விலங்கு உரோமத்துக்காகத் தமது பதவியையே பணயம் வைத்தவர், தமது மேடையில் இருந்த இந்த முறையை மாற்ற அப்படி எதையும் செய்யவில்லை. அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய கடுமையான விமர்சனம் இதுவே என்று நினைக்கிறேன். இதைச் சொல்ல எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவையில்லை.

நம் பக்கத்துக் கதை

இங்கே நம்மைப் பற்றியும் சற்று பேசலாம். நம் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், கலைக்குழுக்கள், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில் ஒரே நாற்காலியில் 20, 25 ஆண்டுகள் இருப்பவர்கள் குறைவல்ல. அவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே உழைத்தவர்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி திரட்டியிருப்பார்கள், கட்டடம் எழுப்பியிருப்பார்கள், சொந்தப் பணத்தையும் போட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் மீது தொண்டூழியர் ஒருவரோ அலுவலகப் பெண் ஒருவரோ குறை சொன்னால் முதலில் எழும் பேச்சு என்ன? “அவர் எவ்வளவு செய்திருக்கிறார் தெரியுமா?” என்பதுதான். புகாரை விசாரிப்பதற்கு முன்பே அவருடைய தொண்டு அதற்குப் பதிலாக வந்து நிற்கிறது. செயலவையில் இருப்பவர்கள் அவர் கொண்டுவந்தவர்கள். புகார்க் கடிதம் போய்ச் சேரும் முகவரியும் அவருடையதுதான். புகார் சொன்னவர் சில மாதங்களில் கூட்டங்களுக்கு வராமல் போவார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் இப்போது ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. மலேசியாவில் 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டம் நிறைவேறி, அதன்கீழ் நடுவர் மன்றமும் அமைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட வேலையிட நியாயச் சட்டம், குறைகளைக் கையாளும் முறையை முதலாளிகள் வைத்திருக்க வேண்டும் என்றும் புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் கூறுகிறது. பார்க்கின்சனும் ஹால்ஸ்ட்ராமும் தனியாகப் போராடிய இடத்தில், இன்றைய ஊழியருக்கு ஒரு வழியாவது இருக்கிறது.

ஆனால், சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள் நிறைந்த சமூக அமைப்புகளில் சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியவை சில உண்டு. தலைவர் பதவிக்குக் கால வரம்பு வைக்கலாம். புகார்களைப் பெறுவதற்குச் செயலவைக்கு வெளியே இருக்கும் இருவரை நியமிக்கலாம். சாட்சி சொன்னவரை அந்த ஆண்டு பொறுப்பிலிருந்து நீக்குவதற்கு முன் பொதுக்கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று விதி செய்யலாம். இவை நல்ல தலைவருக்கும் பாதுகாப்புதான். பொய்ப் புகார் வந்தால், முறையான விசாரணை ஒன்றே அவர் பெயரைக் காப்பாற்றும். பார்க்கருக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது. அவர் குற்றமற்றவராகவே இருந்திருந்தாலும், அதை நிறுவ ஒரு நடுநிலை விசாரணை நடக்கவில்லை. அதனால்தான் அவருடைய 99 ஆண்டு வாழ்க்கையை எழுதுபவர்கள் இன்னமும் அந்த வழக்குகளைப் பாதியில் விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது.

பார்க்கரின் பெயர் சொல்லி வாழும் நன்மைகள் இருக்கின்றன. அவை மறுக்கப்பட வேண்டியதில்லை. அவரை நினைவுகூரும்போது பென்னிங்டன், பார்க்கின்சன், ஹால்ஸ்ட்ராம், பிராட்லி ஆகியோரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வதால் அந்த நன்மைகள் குறைந்துவிடவும் போவதில்லை. அந்த மேடையில் அவர்களும் பல ஆண்டுகள் உழைத்தவர்கள்.